வாழ்த்துமடல் வல்லிநாயகமும் ஏட்டம்மா கல்லும்

தென்காசிக்கு ஒரு பெரிய அதிகாரி மாற்றலாகி வந்தாலும் சரி, இருக்கிறவர் மூட்டை கட்டினாலும் சரி, செய்தி முதலில் வல்லிநாயகத்தின் கடைக்குத்தான் வரும். வந்தவருக்கு வரவேற்பு மடல் வேண்டும், போகிறவருக்குப் பிரிவு மடல் வேண்டும். இரண்டையும் எழுத ஊரில் அவரை விட்டால் ஆள் கிடையாது. காசி விசுவநாதர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று போர்டு தொங்குகிற சின்னக் கடை. போர்டில் வாழ்த்துமடல் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் ஊருக்கு அவர் வாழ்த்துமடல் வல்லிநாயகம். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

மடல் என்றால் ஏனோதானோ மடல் இல்லை. எதுகையும் மோனையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ‘கறைபடாத கையுடையாய்’ என்று ஒரு வரி கட்டாயம் உண்டு. அந்தக் கை எங்கெங்கே நீண்டது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும், மடலுக்கு மட்டும் தெரியாது. போகிறவரையாவது நாலு பேர் பார்த்திருப்பார்கள். வருகிறவரை வல்லிநாயகம் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவர் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே இங்கே அவர் ஏழைகளின் தோழனாகவும் கருணைக் கடலாகவும் ஆகிவிட்டிருப்பார்.

ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் புதிதாகத்தான் எழுதினார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தச் சிரமம் குறைந்துபோனது. பழைய மடலைத் திறப்பார், பெயரை மாற்றுவார், பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி போட அனுப்பிவிடுவார். ஒருதடவை ஒரு பெண் அதிகாரிக்கு ஓய்வு மடல். அவசரத்தில் பெயரை மட்டும் மாற்றிவிட்டார். ‘மீசை துடிக்கும் மாவீரா’ என்ற வரி அப்படியே போய்விட்டது. மேடையில் ஒருவர் அதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார், கூட்டம் கை தட்டியது, அந்த அம்மாளும் கை கூப்பி வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் பிழையைப் பார்த்து வல்லிநாயகத்துக்குக் குலை நடுங்கியது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மடல் என்பது மாட்டுவதற்குத்தான், படிப்பதற்கு இல்லை என்பது அன்றைக்கு அவருக்குப் புரிந்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

இதையெல்லாம் வைத்து அவரைப் பொய்யர் என்று நினைத்துவிட வேண்டாம். மனுஷன் தங்கம். தமிழ் படித்து, வாத்தியார் வேலைக்குக் காத்திருந்து, அது வராமல் டைப்பிங் பழகியவர். முதன்முதலில் அவர் எழுதிய மடல் பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கும் ஒரு பெரியவருக்கு. ஓய்வு பெறுகிற அன்றைக்கு அந்தப் பெரியவரின் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. மடலை வாங்கி, நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். போகிற மனுஷனை ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பாமல் விடுவது பாவம் என்று வல்லிநாயகம் அன்று முடிவு கட்டினார். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்துக்கு ஒரு வேலி போட்டிருக்கலாம். அவர் போடவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஜூன் மாதம், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், குற்றாலத்திலிருந்து முஃபீத் கடைக்கு வந்தான். அருவிக்குப் போகிற ரோட்டில் எண்ணெய், துண்டு, சோப்பு, சீசனுக்கு மங்குஸ்தான் பழம் என்று விற்கிற கடைக்காரன். அங்குள்ள சின்ன வியாபாரிகள் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர்.

“அண்ணாச்சி, ஒரு கல்லு வைக்கணும். நீங்கதான் எழுதித் தரணும்.”

“ஆருக்குவே கல்லு? புதுசா யாரும் வந்திருக்காவளா?”

“வரல அண்ணாச்சி, போறாவ. நம்ம ஏட்டம்மா. இந்த மாசத்தோட ரிட்டயர்டு.”

ஏட்டம்மா என்றால் ஹெட் கான்ஸ்டபிள் ஆவுடைத்தாய். சீசனுக்குச் சீசன் அருவிக்கரையில் பெண்கள் குளிக்கிற பக்கம் காவலுக்கு நிற்கிறவர். குற்றாலத்துக்குப் போய்க் குளித்த பெண்களில் அவர் குரலைக் கேட்காதவர்கள் அபூர்வம். கையில் விசில், வாயில் ‘ஏட்டி’. “ஏட்டி, சங்கிலியக் கழத்தி ஆத்தாகிட்ட குடு.” “ஏட்டி, அங்கன பாசி, வழுக்கும்.” “ஏட்டி, போதும், அடுத்தவளுக்கு இடம் விடு.” இந்தப் பக்கத்தில் மகளையும் ஏட்டி என்பார்கள், சிநேகிதியையும் ஏட்டி என்பார்கள், சண்டைக்காரியையும் ஏட்டி என்பார்கள். எந்த ஏட்டி என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கணக்குப் பிடிபடாது.

பிடிபடாமல் போனதுதான் ஏட்டம்மாவுக்கு வினையாயிற்று. சில வருஷங்களுக்கு முன்னால், வானம் பளிச்சென்று இருந்த ஒரு மத்தியானம். பெண்கள் பக்கம் நெருக்கியடித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். முஃபீதின் உம்மாவும் சம்பந்தி வீட்டுக்காரர்களோடு அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். விழுகிற தண்ணீரோடு சருகும் குச்சியும் வருவதை ஏட்டம்மா பார்த்தார். மலைக்கு மேலே எங்கேயோ மழை பிடித்திருக்கிறது. விசிலை ஊதிக் கத்தினார். “ஏட்டி, வெளிய வா! எல்லாரும் வெளிய வா!” கூட்டம் முனகிக்கொண்டே வெளியேறியது. ஒரு அம்மாள் மட்டும் அசையவில்லை. மேலதிகாரி ஒருவரின் மனைவி, வடக்கே எங்கிருந்தோ வந்தவர். யாரைப் பார்த்து ஏட்டி என்கிறாய் என்று அருவிக்கடியில் நின்றபடியே கேட்டார். பதில் சொல்ல நேரம் இல்லை. ஏட்டம்மா உள்ளே இறங்கி, கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து கரையில் நிறுத்தினார். பின்னாலேயே செம்மண் நிறத்தில் வெள்ளம் பாறையை மூடிக்கொண்டு இறங்கியது. மரக்கட்டைகள் வந்து மோதிய சத்தத்தில் கரையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் பேப்பரிலும் வரவில்லை. வந்தது ஒரு மெமோதான். பொது இடத்தில் ஒரு பெண்மணியை மரியாதைக் குறைவான சொல்லால் அழைத்தது, கையைப் பிடித்து இழுத்தது. கூட வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் தோளில் நட்சத்திரம் ஏறியது. ஆவுடைத்தாய் கடைசி வரை ஏட்டம்மாவாகவே நின்றுவிட்டார்.

“எங்க உம்மா இன்னைக்கி உசிரோட இருக்கதுக்கு அவுகதான் காரணம். சர்வீஸ்ல இருக்கையில கல்லு வச்சா விதி இடிக்கும்னாவ. அதான் ரிட்டயர்டு ஆன மறுநாள், என் கடைச் சுவத்துல, என் சொந்த இடத்துல வைக்கேன். கல்லுகூட இருக்கு அண்ணாச்சி. பழைய கல்லுதான், பின்பக்கம் வழவழன்னு இருக்கு. வார்த்தைதான் வேணும்” என்றான் முஃபீத்.

“இது ஒரு வேலையாவே? சாயங்காலம் வா” என்றார் வல்லிநாயகம். அவன் போனதும் கம்ப்யூட்டரில் ஓய்வு மடலைத் திறந்து, மீசை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் முஃபீதுக்கு முன்னால் ஆவுடைத்தாயே வந்துவிட்டார். நனைந்த காக்கிச் சட்டை, நரைத்துப்போன தலை, விசிலின் கயிறு பாக்கெட்டுக்கு வெளியே தொங்கியது.

“நீங்கதான வல்லிநாயகம் அண்ணாச்சி?”

“ஆமா தாயி. வாங்க, உக்காருங்க.”

“உக்கார வேண்டாம். உங்க பாட்ட நான் நின்னுக்கிட்டுப் படிச்சவ.” சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தார். “பெண்மை போற்றும் பெருந்தகையே, பிறர்துயர் கண்டால் துடிப்பவரே, கறைபடாத கையுடையாய், எங்கள் கண்ணின் மணியே வருகவே.”

வல்லிநாயகத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவருடைய மடலை ஒரு ஆத்மா மனப்பாடமாகச் சொல்லிக் கேட்டதில்லை. அதிலும் அது அவருக்கே பிடித்த பாட்டு, மோனை பிசகாமல் விழுந்த பாட்டு.

“அடடா, இத எங்கன படிச்சிய தாயி?”

“மெமோ வாங்கப் போன அன்னைக்கி. மெமோ குடுத்த அதிகாரி நாற்காலிக்குப் பின்னால கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாவ. என்னைய நிக்க வச்சுட்டு அவரு போன் பேசிக்கிட்டே இருந்தாரு. வேற எங்கயும் பாக்க முடியல அண்ணாச்சி. திரும்பத் திரும்ப அதத்தான் படிச்சேன். பெண்மை போற்றும் பெருந்தகைன்னு.”

குளிர்ந்த உச்சி அப்படியே உறைந்துபோனது.

“உங்களக் குத்தம் சொல்ல வரல. கல்லு வேண்டாம்னுதான் சொன்னேன். முஃபீத் கேக்க மாட்டேங்கான், அவுக உம்மா அழுதாவ. சரி, வைங்கன்னுட்டேன். ஆனா அவருக்குத் தச்ச சட்டைய எனக்கு மாட்டி விட்டுராதீங்க. பொய்யா ஒரு வரி இருந்தாலும் நான் பாதியில எந்திரிச்சுப் போயிருவேன். அப்புறம் முஃபீத் மொகத்த யாரு பாக்க?”

விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். சற்று நேரத்தில் வந்த முஃபீதிடம், “நாளைக்கு வாவே” என்று மட்டும்தான் வல்லிநாயகத்தால் சொல்ல முடிந்தது.

நாளைக்கும் முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. ‘கடமை தவறாத’ என்று அடித்தார். கடமையையே பார்க்காத ஒருவருக்குப் போன மார்கழியில் அதைக் கொடுத்தாகிவிட்டது. ‘தன்னலமற்ற’ என்று அடித்தார். அது யாருக்குப் போனது என்று நினைத்தபோது அவருக்கே காது சிவந்தது. ‘அஞ்சாநெஞ்சம்’, ‘தாயுள்ளம்’, ‘தியாகச் சுடர்’ எல்லாம் ஊரார் உடம்பில் ஏறி இறங்கிய வாடகைச் சட்டைகள். நல்ல சொல் என்று ஒன்றுகூடப் பெட்டியில் மிச்சமில்லை. உண்மையிலேயே நல்ல மனுஷி ஒருத்தி வந்து நிற்கும்போது கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லாமல் போனதே என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“பேரை மாத்துனா முடிஞ்சுது வேலை. இதுக்குப் போயி தோசை ஆறது தெரியாம உக்காந்திருக்கிய” என்றாள் அவர் மனைவி சொக்கம்மாள்.

மகள் ஸ்ரீதேவி சிரித்தாள். அவள் பக்கத்துக் கல்லூரியில் சரித்திரப் பாடம் நடத்துகிறவள். மறுநாள் வகுப்புக்காக லேப்டாப்பில் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது போலிருக்கிறது. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“இங்க பாருங்கப்பா. உங்க தொழில்தான்.”

படத்தில் ஒரு கல் மனிதர். உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாக அங்கி, கையில் ஒரு சுருள். தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் சின்னதாக இருந்தது. கீழே பீடத்தில் எழுத்து.

“யாரும்மா இது?”

“ரோம ராஜ்யத்தோட கடைசிக் காலத்துல ஒரு மாகாண அதிகாரி. அவரு இருந்த ஊரு இப்ப துருக்கில இருக்கு. அதிகாரி போகும்போது ஊர்க்காரங்க செலை வைப்பாங்க. அதுக்கும் ராஜாகிட்ட அனுமதி வாங்கணும். பதவியில இருக்கையில தன்னிஷ்டத்துக்கு வச்சுக்கிட்டா விதி இடிக்கும்.”

“அங்கயுமா இடிக்கும்!”

“உடம்பு பழைய செலையோடது. தலைய மட்டும் செதுக்கி மாத்திருவாங்க. பீடமும் பழசு. அத சுத்திப் பாத்தா பின்னால முந்தி இருந்த ஆளோட எழுத்து இருக்கும். அத சுவரு பக்கம் திருப்பிட்டு, இந்தப் பக்கம் புதுசா வெட்டிருவாங்க.”

“பேரை மாத்துனா முடிஞ்சுது” என்றாள் சொக்கம்மாள், சட்னியை ஊற்றிக்கொண்டே.

“என்ன எழுதியிருக்கு?” என்று வல்லிநாயகம் குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரியாத எழுத்துதான். ஆனாலும் வரி மடங்கியிருந்த விதத்திலேயே அது பாட்டு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“பாட்டுதான்பா. நீதிமான், ஊரை நிமித்தினவர், கை சுத்தமானவர். இந்தக் கை சுத்தம் மட்டும் நிறைய கல்லுல வரும்.”

வல்லிநாயகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடல் தாண்டி, காலம் தாண்டி, அங்கேயும் ஒரு சந்தில் ஒருவன் உட்கார்ந்து, வருகிற துரைக்கும் போகிற துரைக்கும் கறைபடாத கையைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன்மேல் அவருக்குச் சொந்தக்காரப் பாசம் வந்துவிட்டது.

“எழுதினவன் பேரு இருக்கா?”

“இதுல இல்லப்பா.”

“பாவம்” என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். “இந்த ஆளு நெசமாவே கை சுத்தமானவனாம்மா?”

“தெரியாதே. எல்லாருக்கும் இதையேதான் எழுதியிருக்காங்க. அதனால படிக்கிறவங்க பாதிதான் நம்புவாங்க.”

“சரி. அதுல ஒருத்தன் நெசமாவே சுத்தமா இருந்திருந்தா?”

ஸ்ரீதேவி கொஞ்சம் யோசித்தாள். “அவனையும் பாதிதாம்பா நம்புவாங்க.”

வல்லிநாயகம் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவினார். கெட்டவனுக்கு ஒரு நல்ல வார்த்தையைக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தார். நஷ்டம் யாருக்கு என்று இப்போது தெரிந்தது. நனைந்த காக்கிச் சட்டையோடு, உட்கார மாட்டேன் என்று கடையில் நின்றுவிட்டுப் போனவருக்கு.

அடுத்த நாள் கடையைச் சாத்திவிட்டு டவுன் பஸ் பிடித்துக் குற்றாலத்துக்குப் போனார். குளிக்கவில்லை. குற்றாலத்துக்குப் போய்க் குளிக்காமல் வருகிறவனை இந்த ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குடையும் இல்லாமல் சாரலில் நின்றார். பெண்கள் பக்கத்தை மறைப்பு மறைத்திருந்தது. குரல் மட்டும் அருவிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“ஏட்டி, பிள்ளைய இறுக்கிப் புடி!”

“ஏட்டி பச்சத் தாவணி, பாறை மேல ஏறாத!”

“ஏட்டி ஆச்சி, ஒங்களத்தான், போதும், சளி பிடிக்கும்!”

கடைசிக் குரலுக்கு மறைப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரித்தார்கள். ஆச்சியின் குரலும் அதற்குள் சிரித்தது. வல்லிநாயகம் வந்த காரியத்தை மறந்து கேட்டுக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் நீளமாக ஒரு விசில். வெள்ளம் ஒன்றும் இல்லை, கூட்டத்தை மாற்றுகிற விசில்தான். ஆனால் அவருக்குப் பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஆளும், எண்ணெய் வழிய நின்ற இன்னொருவரும், அவருமே, தம்மையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்திருந்தார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே வார்த்தை வந்துவிட்டது. அது அவருடைய வார்த்தையே இல்லை.

மறுநாள் குற்றாலத்தில் தன் கடையில் வைத்து முஃபீத் தாளை வாங்கிப் படித்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடியும் படித்தான்.

“அண்ணாச்சி, மீதி எங்க?”

“அம்புட்டுத்தான்.”

“விளையாடுதியளா? எந்த வார்த்தைக்கு மெமோ குடுத்தாவளோ அதையே கல்லுல வெட்டச் சொல்லுதிய! சங்கத்துல எல்லாரும் என்னையப் புடிச்சுத் தின்னுருவாவ. நாலு வரி நல்லதா போடுங்க அண்ணாச்சி. கறைபடாத கைன்னு ஒண்ணு போடுவியள்லா?”

“அது தீந்துபோச்சுவே.”

“அவுக எந்திரிச்சுப் போயிட்டா?”

அந்தப் பயம் வல்லிநாயகத்துக்கும் இருந்தது. பொய் இல்லைதான். ஆனால் ஆறாத புண்ணில் விரலை வைக்கிற மாதிரியும் ஆகலாம். “போனா என்னையத் திட்டு. பொய் ஒண்ணும் அதுல இல்ல” என்றார்.

அரைமனசோடு முஃபீத் அவரைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனான். எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்த ஒரு கருங்கல் பலகையைக் காட்டி, இதுதான் கல் என்றான். டின்களை இறக்கிக் கல்லை நிமிர்த்தினார்கள். வல்லிநாயகம் பார்த்தார். பெண்மை போற்றும் பெருந்தகையே. கீழே, இயற்றியவர்: வல்லிநாயகம், தென்காசி.

முன்பு சங்கத்துக்காரர்கள் பெண்களுக்கு உடை மாற்றும் அறை ஒன்று கட்டி, மெமோ கொடுத்த அதே அதிகாரியை வைத்துத் திறந்தபோது பதித்த கல். அடுத்த பெருமழையில் அறை போய்விட்டது, கல் மட்டும் மிஞ்சியது. அவருடைய பெயர் கல்லில் ஏறிய ஒரே இடம் அதுதான். அன்றைக்குச் சொக்கம்மாளைக் கூட்டிவந்து காட்டியிருந்தார்.

“நீங்க வருத்தப்படுவியன்னுதான் முன்னாலயே சொல்லல” என்றான் முஃபீத்.

வல்லிநாயகம் எழுத்தின் மேல் படிந்திருந்த எண்ணெயை விரலால் வழித்தார். வருத்தமாகத்தான் இருந்தது. ரோமாபுரி அதிகாரியின் பீடம் கண் முன்னால் வந்தது. பிறகு, “சுவரு பக்கம் திருப்பிருவே” என்றார்.

ஜூலை முதல் தேதி காலையில் சாரல் விட்டு விட்டு விழுந்தது. மேடை இல்லை, மைக் இல்லை, மந்திரி இல்லை. கடைக்காரர்கள், எண்ணெய் தேய்க்கிற ஆட்கள், பழக்கூடைக்காரிகள், சொக்கம்மாள், வகுப்புக்கு லீவு போட்ட ஸ்ரீதேவி. ஆவுடைத்தாய் நீலப் பட்டுச் சேலையில் வந்திருந்தார். காக்கி இல்லாமல் அவரைப் பார்க்க யாரோ போல இருந்தது. கை மட்டும் பழக்கதோஷத்தில் விசிலைத் தேடி, பாக்கெட் இருந்த இடத்துக்குப் போய்த் திரும்பியது. ஒவ்வொருவராக வந்து பேசிய எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண் மட்டும் சுவரில் தொங்கிய துணியின் மேலேயே இருந்தது.

முஃபீதின் உம்மா பக்கத்தில் போய்த் துணியை இழுத்தார்.

ஏட்டி, வெளிய வா!
என்று கூப்பிட்டது ஏட்டு ஆவுடைத்தாய்.
வந்தோம். பிழைத்தோம்.
— குளிக்க வந்த பெண்கள்

யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று எல்லாரும் ஆவுடைத்தாயின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் முதல் வரியைப் படித்த இடத்திலேயே நின்றிருந்தார். இதோ திரும்பப் போகிறார், இதோ நடையைக் கட்டப் போகிறார் என்று வல்லிநாயகம் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி” என்று கூப்பிட்டார் ஆவுடைத்தாய்.

“சொல்லுங்க தாயி.”

“இதுல ஒரு பொய் இருக்கு.”

முஃபீத் தலையில் கையை வைத்தான்.

“வந்தோம்னு எழுதியிருக்கிய. எல்லாருமா வந்தாளுக? ஒருத்தி வரவே இல்ல. நான்லா இழுத்துக்கிட்டு வந்தேன்!”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பழக்கூடைக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. முஃபீதின் உம்மா ஆவுடைத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சொக்கம்மாள் கல்லை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்க பேரு எங்கன?” என்று கணவரிடம் கேட்டாள்.

“உள்ள இருக்கு” என்றார் வல்லிநாயகம். அவளுக்கு அது விளங்கவில்லை. ஸ்ரீதேவிக்கு விளங்கியது. அவள் அப்பாவின் நனைந்த தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைகிற நேரம். வெளியூர் வேனில் வந்து இறங்கிய பெண்கள் சிலர் தோளில் துண்டோடு அருவியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மெதுவாக வந்த வயதான அம்மாள் ஒருத்தி கடைச் சுவருக்கு முன்னால் நின்றாள். கூட வந்த மருமகளிடம், என்ன எழுதியிருக்கிறது, வாசி என்றாள். மாமியாருக்குக் காது மந்தம் போலிருக்கிறது. மருமகள் தொண்டையைத் திறந்து வாசித்தாள்.

“ஏட்டி, வெளிய வா!”

முன்னால் போய்க்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஆவுடைத்தாய் அதைப் பார்த்தார். மெமோ வாங்கிய அன்றைக்கும் அழாதவர், கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் நட்சத்திரம் வாங்கியபோதும் அழாதவர், பட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அந்த ரோட்டில் நின்று அழுதார்.

“கேக்குதாளுக அண்ணாச்சி” என்றார். “நான் இல்லாமலே கேக்குதாளுக.”